கேளாமல் போனவர்களுக்கும் அவர்தான் மீட்பர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியின் அண்ணன் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் அக்கா அவர்களே, என் அணித் தோழர்களே! காசிமேடு, கல்மண்டபம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி என்று வடசென்னை முழுவதிலிருந்தும் வேலை முடித்து வந்து, நாற்காலி போதாமல் இந்த ராயபுரத்து ஆலயப் படிக்கட்டிலும் உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் என் அன்பின் வணக்கம்.

சி.எஸ்.ஐ. சபையார் இருக்கிறீர்கள், கத்தோலிக்கர்கள் இருக்கிறீர்கள், பெந்தெகொஸ்தே சபையார் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு இந்து நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும் வந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு உங்கள் பாட்டன், முப்பாட்டனைப் பற்றியும்தான். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து பேச வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சுவிசேஷத்தைக் கேட்காமலே இறந்துபோனவர்களுக்கு ரட்சிப்பு உண்டா, இல்லையா? 'இல்லை' என்று அண்ணன் பேசினார். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வசனத்துக்கு வசனம் ஊன்றிப் பேசினார். "அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை" என்ற அப்போஸ்தலர் 4:12-ஐச் சொன்னார். "கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்" என்ற ரோமர் 10:14-ஐச் சொன்னார். இடுக்கமான வாசலைச் சொன்னார். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவை எடுத்துக்காட்டினார். 'உண்டு' என்பதெல்லாம் அண்மைக் காலத்து இளகிய மனக்காரர்கள் கொண்டுவந்த புதுச் சரக்கு என்றார். கடைசியில், "கேட்காதவனுக்கும் உண்டென்றால் மிஷனெரி எதற்கு? கப்பலேறி வந்து காய்ச்சலில் செத்தவர்கள் எல்லாம் வீணாகச் செத்தார்களா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். தட்ட வேண்டிய கேள்விதான். ஒன்றையும் விடாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மதமும் ஒன்றே என்று நான் வாதாடவில்லை. ஒருவர்கூட கெட்டுப்போக மாட்டார், கடைசியில் எல்லோரும் கரையேறுவார்கள் என்று மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகேன் காலத்திலிருந்து சொல்லி வருகிற கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்களோடும் நான் நிற்கவில்லை. நல்லவனாக வாழ்ந்தால் போதும், சிலுவை தேவையில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். யார் மீட்கப்பட்டாலும் இயேசு கிறிஸ்துவின் சிலுவையால்தான் மீட்கப்படுகிறார். இதில் அண்ணனுக்கும் எனக்கும் அணுவளவு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒரே இடத்தில்தான். அந்தச் சிலுவையின் பலன், அதைப் பற்றிக் கேள்விப்பட வாய்ப்பே இல்லாத ஒருவரிடம் போய்ச் சேருமா? சேரும் என்கிறேன் நான்.

அப்போஸ்தலர் 4:12-ஐ மறுபடி படித்துப் பாருங்கள். யாரால் ரட்சிப்பு என்று அந்த வசனம் சொல்கிறது. ரட்சிக்கப்படுகிறவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கொருக்குப்பேட்டையில் தெருக்குழாயில் குடம் பிடிக்கிற சின்னப் பிள்ளைக்குப் புழல் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அந்தப் பெயரையே அது கேட்டிருக்காது. குடத்தில் விழுவது புழல் தண்ணீர் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். ஏரி ஒன்றே என்று அண்ணன் சொல்வது சரி. ஏரியின் பெயர் தெரியாதவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அந்த வசனத்தில் இடம் எங்கே இருக்கிறது?

இது என் கற்பனை என்று நினைக்காதீர்கள். ஆபேலுக்கு இயேசுவின் பெயர் தெரியுமா? நோவாவுக்குத் தெரியுமா? எரிகோ மதில்மேல் குடியிருந்த ராகாபுக்குத் தெரியுமா? எபிரெயர் 11-ஆம் அதிகாரம் இவர்களை எல்லாம் விசுவாச வீரர்களின் வரிசையில் நிறுத்துகிறது. இவர்கள் வாக்குத்தத்தத்தைத் தூரத்திலே கண்டவர்கள் என்று அண்ணன் சொல்லலாம். சரி, அந்த வரிசைக்கே வெளியே வருவோம். மெல்கிசேதேக்கு யார்? சாலேமின் ராஜா, உன்னதமான தேவனுடைய ஆசாரியன். ஆபிரகாம் அவனுக்குத் தசமபாகம் கொடுத்தான், அவன் கையால் ஆசீர்வாதம் வாங்கினான். அவனுக்கு யார் போய்ப் பிரசங்கித்தது? ஊத்ஸ் தேசத்து யோபுக்கு எந்தச் சபை ஊழியரை அனுப்பியது? அவர்களைத் தேவன் ஏற்றுக்கொண்டார் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். எதனால் ஏற்றுக்கொண்டார்? இன்னும் நடந்தேறாத சிலுவையால். அப்படியானால் கேட்காதவனைச் சிலுவை மீட்டதற்கு வேதத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

"அது பழைய ஏற்பாட்டுக் காலம், அது முடிந்துவிட்டது" என்று பதில் வரும். இங்கேதான் நீங்கள் ஒரு நிமிடம் என்னோடு நிற்க வேண்டும். இயேசு சிலுவையில் மரித்த அந்த வெள்ளிக்கிழமை, காவிரி கடலில் கலக்கிற இடத்தில் ஒரு பரதவன் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். தன்னைப் படைத்தவர் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று நம்பினான். தான் செய்த தப்புக்கு மனம் கசந்து, கடலைப் பார்த்துக் கையெடுத்து மன்னிப்புக் கேட்டான். வியாழக்கிழமை அவன் செத்திருந்தால் யோபுவைப் போல அவனுக்கும் வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செத்தால் இல்லையா? அந்த மூன்று நாளில் அவன் செய்த குற்றம் என்ன? எருசலேமில் உலகத்துக்கே நன்மையான காரியம் ஒன்று நடந்தது, அதன் விளைவாக எங்கோ இருந்த ஒரு மீனவனுக்குத் திறந்திருந்த கதவு மூடியது என்றால், அவன் வரைக்கும் சிலுவை கேடாக அல்லவா முடிகிறது? உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற ஆட்டுக்குட்டி, ஒருவனுடைய நிலைமையை முன்பு இருந்ததைவிட மோசமாக்கி வைக்குமா?

ரோமர் பத்துக்கு வருகிறேன். "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்" என்பதோடு அண்ணன் வேதத்தை மூடிவிட்டார். நாலு வசனம் தள்ளிப் படியுங்கள், பவுலே அதே கேள்வியை எழுப்புகிறார்: "அவர்கள் கேள்விப்படவில்லையா?" கேள்விப்பட்டார்கள் என்று தாமே பதிலும் சொல்கிறார். சொல்லிவிட்டு எதை மேற்கோள் காட்டுகிறார் தெரியுமா? 19-ஆம் சங்கீதத்தை. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று தொடங்குகிற, பேச்சும் வார்த்தையும் இல்லாமலே பூமியின் கடைசிவரைக்கும் போகிற அந்தச் சத்தத்தைப் பற்றிய சங்கீதத்தை! ஆகாயத்தைச் சாட்சியாக நிறுத்துகிறார் பவுல். லீஸ்திராவில் பேசும்போதும் அப்படித்தான்: மழையையும் செழிப்பான காலங்களையும் தந்து, தேவன் தம்மைக் குறித்துச் சாட்சி இல்லாதபடி விட்டதில்லை என்றார். ரோமர் இரண்டில், நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். அவர்களுடைய சிந்தனைகள் குற்றமுண்டு என்றும் தீர்க்கும், குற்றமில்லை என்றும் தீர்க்கும் என்கிறார். அண்ணன் முதல் பாதியை மட்டும் வைத்து 'போக்குச் சொல்ல இடமில்லை' என்று முடித்தார். குற்றமில்லை என்று தீர்க்கிற பாதியையும் பவுல்தான் எழுதினார்.

அடுத்து இடுக்கமான வாசல். நடுவர் ஐயா, இதற்கு மட்டும் எனக்கு இரண்டு நிமிடம் அதிகம் கொடுங்கள், ஏனென்றால் இந்தத் தலைப்பின் சாவி இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். லூக்கா 13-ஐத் திறந்து பாருங்கள். ஒருவன் வந்து இயேசுவிடம், "ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று கேட்கிறான். இன்றைக்கு நாம் கேட்கிற அதே கேள்வி. அவர் எண்ணிக்கை சொன்னாரா? இல்லை. அங்கே இருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் இடுக்கமான வாசல் வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்றார். பிறகு ஒரு காட்சியைச் சொல்கிறார். வீட்டெஜமான் கதவைப் பூட்டிவிட்டான். வெளியே நின்று தட்டுகிறார்கள். தட்டுகிறவர்கள் யார்? கேள்விப்படாதவர்களா? அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்: "நீர் எங்கள் வீதிகளில் போதகம் பண்ணினீரே!" அவருடைய உபதேசத்தைத் தங்கள் தெருவிலேயே கேட்டவர்கள்! அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்! அவர்களைப் பார்த்துத்தான் 'உங்களை அறியேன்' என்கிறார். உள்ளே பந்தியில் யார் இருக்கிறார்கள்? கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலுமிருந்து வந்தவர்கள்.

அந்த வசனத்தை எடுத்து, தூரத்தில் இருக்கிறவனுக்கு எதிராக நீட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி வைத்துக் கேட்கிற நமக்குச் சொன்ன எச்சரிக்கை அது. இந்த ராயபுரத்தில் எத்தனை கோபுரம், எத்தனை மணி, எத்தனை உபவாசக் கூட்டம்! நம் வீதிகளில்தான் அவர் போதகம் நடக்கிறது. பயப்பட வேண்டியவர்கள் நாம்.

கொர்நேலியுவைப் பற்றி அண்ணன் சொன்னது வலுவான வாதம், அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். "நீ இரட்சிக்கப்படுவதற்கு ஏதுவான வார்த்தைகளைப் பேதுரு சொல்லுவான்" என்று தேவதூதன் அவனிடம் சொன்னதாக அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படியானால் அதுவரை அவன் ரட்சிக்கப்படவில்லை என்பது அண்ணன் கட்சி. ஆனால் 10-ஆம் அதிகாரத்தில் அதே தூதன் முதலில் சொன்னது என்ன? உன் ஜெபங்களும் தருமங்களும் தேவ சந்நிதியில் வந்தெட்டின என்பது. பேதுரு யோப்பாவில் மொட்டைமாடியில் நின்று ஜெபிப்பதற்கு முந்தின நாளே அவனுடைய ஜெபம் பரலோகத்தில் கேட்கப்பட்டுவிட்டது. செசரியாவுக்கு நடந்து வருகிற வழியில் பேதுரு விழுந்து செத்திருந்தால், கேட்கப்பட்ட அந்த ஜெபம் கேட்கப்படாததாக ஆகியிருக்குமா? அந்த வீட்டுக்குள் போய் நின்றதும் பேதுரு வாய் திறந்து சொன்ன முதல் உபதேசமே இதுதான்: தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்திருந்து நீதியைச் செய்கிறவன் எவனோ அவனே அவருக்கு உகந்தவன். பிரசங்கிக்கப் போனவருக்குத்தான் அன்றைக்குப் பாடம் நடந்தது.

இது புதுச் சரக்கா? 150-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜஸ்டின் என்கிற சபைத் தந்தை, கிறிஸ்துவாகிய வார்த்தைக்கு இசைந்து வாழ்ந்த சாக்ரடீசும் ஹெராக்ளிட்டசும் கிறிஸ்தவர்களே என்று எழுதினார். இளகிய மனக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. ரோமாபுரியில் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்த ரத்தசாட்சி அவர். சீர்திருத்தத் தந்தை ஸ்விங்ளி 1531-ல் பிரெஞ்சு மன்னருக்கு எழுதியபோது, பரலோகத்தில் சாக்ரடீசையும் காண்பீர்கள் என்றார். லூத்தர் அதைப் படித்துக் கொதித்துப் போனார் என்பதும் உண்மை. மெதடிஸ்ட் சபைகளின் தந்தை ஜான் வெஸ்லி 1790-ல், வெளியே இருக்கிறவர்களை எல்லாம் ஆக்கினைக்குத் தீர்க்க வேதம் எனக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, அவர்களைப் படைத்தவர் கையில் விட்டுவிடுவதே நல்லது என்று பிரசங்கத்தில் சொன்னார். நம் அணியின் வேர் இவ்வளவு ஆழம் போகிறது.

எதிர்ப்பக்கத்திலும் பெரிய சாட்சிகள் உண்டு, மறைக்கவில்லை. 1442-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஃபுளோரன்ஸ் சங்கம், சபைக்கு வெளியே இருக்கிற புறமதத்தார் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்றே எழுதியது. அப்போது ஐரோப்பாவில் பலர், சுவிசேஷம் உலகமெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, இனிமேல் நம்பாதவன் வேண்டுமென்றே நம்பாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதே வருடத்தில் கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் இறங்கினார். கிறிஸ்துவின் பெயரையே கேட்காத ஜனங்கள் அங்கே இருந்தார்கள். 1539-ல் ஸ்பெயின் தேசத்து சலமாங்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா என்ற டொமினிக்கன் துறவி எழுந்து, கேட்கவே இல்லாதவர்களை அவிசுவாசம் என்ற பாவத்துக்காகக் குற்றவாளியாக்க முடியாது என்றார். அதோடு நிற்கவில்லை. வாளோடும் கொள்ளையோடும் வந்து சொல்லப்பட்ட சுவிசேஷத்தை அந்த மக்கள் சரியாகக் கேட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை என்றார். கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், உண்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடக்க அருளால் முயல்கிறவர்களும் மீட்படைய முடியும் என்று எழுத்தில் வைத்தது. அவர்கள் அங்கே வந்துசேர ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

விட்டோரியா சொன்னதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்க எனக்கு வலிக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்தச் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் காதில் பிரசங்கம் விழுந்திருக்கும். அவன் சுவிசேஷத்தைக் கேட்டான் என்று எந்த வாயால் சொல்வோம்?

மெட்ராஸ் பேராயராக 1965 முதல் 1974 வரை இருந்த லெஸ்லி நியூபிகினைச் சில பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். அவரை நான் என் அணிக்கு இழுக்க மாட்டேன். யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை தேவன் ஒருவருக்கே என்று சொன்னவர் அவர். ஆனால் ஒன்று கேட்கிறேன். 'கேட்காத எல்லோரும் போய்விட்டார்கள்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு எதிராகவும் அந்த வார்த்தை நிற்கிறதா, இல்லையா?

வசனத்தையும் வரலாற்றையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கேள்வி யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்ப்போம். நூலகத்திலிருந்து வருவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கிட்ட வருவார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர். "பிரதர், எங்கம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே செத்துட்டாங்க. அவங்களுக்கு இதெல்லாம் யாரும் சொன்னதில்ல. மீன் கூடைய தூக்கினு தெருத்தெருவா அலைஞ்சி எங்கள வளத்தாங்க. ஜெபத்துல அவங்க பேரச் சொல்லலாமா?" இப்படிக் கேட்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

இதே கேள்வியைச் சந்தித்த ஒருவரைச் சொல்கிறேன். பிரான்சிஸ் சேவியர். 1542-லிருந்து நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு வாழ்ந்தவர். 1545-ல் மயிலாப்பூருக்கு வந்து தோமாவின் கல்லறை அருகே தங்கி ஜெபித்தவர். 1549-ல் ஜப்பானில் இறங்கினார். அங்கே விசுவாசித்தவர்கள் அவரிடம் கேட்டார்கள்: எங்கள் தாய் தகப்பன், செத்துப்போன எங்கள் பிள்ளைகள், அவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? தானம் செய்தால், ஜெபம் செய்தால் அவர்களை மீட்கலாமா? தான் படித்த பாடத்தின்படி, வழியே இல்லை என்று சேவியர் சொன்னார். அவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் எழுதுகிறார். எனக்கு இவ்வளவு பிரியமானவர்கள் அழுவதைப் பார்த்து என் கண்ணீரையும் அடக்க முடியவில்லை என்கிறார். ஜப்பானியர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: உங்கள் தேவன் அவ்வளவு நல்லவர் என்றால், நீங்கள் வரும்வரை எங்களுக்கு ஏன் தம்மைத் தெரியப்படுத்தவில்லை? அதற்கு அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள். கொலை பாவம், களவு பாவம் என்று யாரும் கற்றுத் தருவதற்கு முன்பே உங்கள் உள்ளத்துக்குத் தெரியும். படைத்தவர் அதை உங்கள் உள்ளத்தில் எழுதி வைத்தார் என்றார். பாதிக் கதவைச் சேவியரே திறந்தார். மீதியைத் திறக்க அந்தக் காலத்துப் பாடம் அவரை விடவில்லை. அந்த மனிதரின் கண்ணீர் அவருடைய பாடத்தைவிட ஆண்டவருக்குக் கிட்டத்தில் இருந்தது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

போப் ஐயர் கதையும் இதுதான். ஜி.யு. போப் 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு பழகியிருக்க வேண்டும், அவர்களிடம் மலைப்பிரசங்கத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று முன்னுரையில் எழுதினார். அதற்குச் சான்று கிடையாது. தமிழறிஞர்கள் ஏற்கவும் இல்லை. இவ்வளவு உயர்ந்த அறம் கேட்காமல் எப்படி வந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கேட்டிருக்கத் தேவையில்லை ஐயா! "உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி" என்று யோவான் எழுதியிருக்கிறாரே. எந்த மனுஷனையும் என்றால் மயிலாப்பூர்க்காரனையும் சேர்த்துத்தான்.

இதோ, நமக்குப் பக்கத்தில் இருக்கிற துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் போகிறது. மூன்று நாள் பயணம். நம்மில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் உண்டு. அந்தத் தீவுக்கூட்டத்தில் வடக்கு சென்டினல் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் வெளியாளை அண்டவிடுவதில்லை. சட்டமும் யாரையும் போகவிடுவதில்லை. நம் உடம்பில் சாதாரணமாக இருக்கிற சளிக்காய்ச்சல் கிருமியே அந்த மக்களை மொத்தமாக அழித்துவிடக்கூடும் என்பது முக்கியமான காரணம். 2018 நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞர் இயேசுவைச் சொல்லப் போய் அங்கே உயிர்விட்டார். அவர் நேசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர் போனது சரி என்றும் சொல்ல மாட்டேன். அண்ணன் சொல்வதுபோல மனித வாயால் கேட்டால்தான் மீட்பு என்றால், அந்தத் தீவில் இன்றைக்கு ஒரு தாய் என்ன நிலையில் இருக்கிறாள்? நாம் போனால் நம் கிருமி அவளையும் அவள் பிள்ளையையும் கொன்றுவிடும். போகாவிட்டால் நித்திய நரகம். இப்படி ஒரு பொறிக்குள் ஒரு தாயைப் பிறக்க வைத்துவிட்டு, "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட" வேண்டுமென்று சித்தமுள்ளவர் என்றும் தேவனைச் சொல்ல முடியுமா? சோதோமுக்காக மன்றாடிய ஆபிரகாம் தேவனுடைய முகத்துக்கு நேரே கேட்டானே, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று. அந்தக் கேள்விக்காக ஆண்டவர் அவன்மேல் கோபப்படவில்லை.

இப்போது அண்ணனின் கடைசிக் கேள்வி, மிஷனெரி எதற்கு? ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சில் கொண்டுவந்தார், 1719-ல் 36 வயதில் அங்கேயே மரித்தார். வீணா? நரகத்திலிருந்து தப்பிப்பது ஒன்றுதான் சுவிசேஷம் தருவது என்றால், அண்ணன் கேட்பது நியாயம். ஆனால் சுவிசேஷம் வந்த வீடுகளில் நடந்தது அவ்வளவுதானா? பிறப்பால் நீ தாழ்ந்தவள் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஒருத்தி, நீ தேவனுடைய மகள் என்று கேட்டாள். இருட்டில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டவனுக்கு, உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் கிடைத்தது, மன்னித்தவரின் முகம் தெரிந்தது. கொரிந்துவில் பவுல் பயந்து நின்றபோது ஆண்டவர் அவரிடம், "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்றார். அந்த ஜனங்களில் பலர் இன்னும் விசுவாசிக்கவில்லை. பவுல் அவர்களிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை. அதற்குள் "எனக்கு" என்கிறார். மிஷனெரி ஆண்டவர் இல்லாத ஊருக்கு ஆண்டவரைச் சுமந்துகொண்டு போவதில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கிறவரைச் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அதோடு, போங்கள் என்று கட்டளையிட்டவர் அவர். கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற சோம்பலுக்குக் கணக்குக் கேட்டால், நம்மிடம் கேட்பார். சொல்லாதவன் பிழைக்கு, கேட்காதவளைத் தண்டிப்பார் என்பதை என்னால் நம்ப முடியாது.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு வாதம், முடித்துவிடுகிறேன்.

பிறந்து பத்து நாளில் இறந்துபோகிற குழந்தை சுவிசேஷத்தைக் கேட்டதா? விசுவாசித்ததா? பிறவியிலேயே அறிவு வளர்ச்சி இல்லாமல் முப்பது வயது வரை வாழ்ந்து மறைகிற ஒருவர், நாம் எவ்வளவு சொன்னாலும் புரிந்துகொண்டாரா? இவர்களுக்கு மீட்பு இல்லை என்று எந்தப் போதகரும் அடக்க ஆராதனையில் சொல்ல நான் கேட்டதில்லை. 1640-களில் லண்டனில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை மிகக் கண்டிப்பானது. அதுவே, தேர்ந்துகொள்ளப்பட்ட சிசுக்களையும், வசன ஊழியத்தால் அழைக்கப்பட இயலாத தேர்ந்துகொள்ளப்பட்ட மற்றவர்களையும், தாம் விரும்பும் நேரத்தில், விரும்பும் இடத்தில், விரும்பும் விதமாய்க் கிரியை செய்கிற ஆவியானவர் கிறிஸ்துவைக்கொண்டு ரட்சிக்கிறார் என்கிறது. அதன் அடுத்த பத்தி அண்ணன் பக்கம் கடுமையாகப் பேசுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் குழுவும் 2007-ல், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு மீட்பின் நம்பிக்கை உண்டு என்றே எழுதியது. ஆக, காதால் கேட்காமல், பெயர் தெரியாமல், கிறிஸ்துவாலே மீட்கப்படுகிறவர்கள் உண்டு என்பதை இரண்டு அணியும் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்துப் பேச வருகிற அக்கா அவர்களே, உங்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. காசிமேட்டுக் கல்லறையில் சின்னஞ்சிறு பெட்டிகளுக்கு முன்னால் நின்று நீங்கள் ஜெபித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்களிடமே கேட்கிறேன். அந்தக் குழந்தைக்கு ஆண்டவர் திறந்துவைத்த வாசல், மீன் கூடை சுமந்து, யாரும் சொல்லாமலே செத்துப்போன அந்த அக்காவின் அம்மாவுக்கு எந்த வசனத்தால் அடைபட்டது? அதிகாரமும் வசனமும் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.